இட்டேரியின் அகலம்

மூலனூருக்குத் தெற்கே முருங்கைக்காடு.
இரவு ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்ததும்
சென்னியப்பன் கட்டிலில் படுத்தபடியே
ரிமோட்டை அமுக்கியிருக்கிறார்.
ஓடியது அவர் மோட்டார் அல்ல.
வேலிக்கு அந்தப்பக்கம்
தெய்வாத்தாள் போர்வெல்லில் தண்ணீர் எழும்பி,
தொட்டி நிறைந்து, வழிந்து,
விடியும்வரை யாருக்கும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

மூன்று இரவு இப்படி.
நாலாம் இரவு அந்தம்மா
டார்ச்சோடும் அரிவாளோடும்
ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.
ஆள் யாரும் வரவில்லை.
கண் முன்னால் டக்கென்று
பெட்டிக்கு உயிர் வந்தது.
“பேயா இருந்தாக்கூடப் பரவால்லீங்க,
பக்கத்துக் காட்டுக்காரனா இருந்தாத்தான் வெசனம்”
என்றார் போனில்.

கணபதியிலிருந்து முதல் பஸ் பிடித்தேன்.
பெட்டி செய்வது நாங்கள்.
திட்டு வாங்கப் போவது எப்போதும் நான்.

ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்றால்
திரை முழுக்க மழைக்குப் பின் புல் போல அலைகள்.
போன வருசம் இங்கே நாலு குரல்தான்.
இப்போது
கோழிப்பண்ணை வெப்பமானி,
கறவை மாட்டின் கழுத்துப்பட்டை,
சொட்டுநீர் வால்வுகள், மழைமானி,
யார் வீட்டிலோ தானாகத் திறக்கிற கேட்,
எல்லாம் அதே மூன்று மெகாஹெர்ட்ஸுக்குள்
முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு.

சென்னியப்பனிடம் சொன்னேன்:
காத்துலயும் பட்டா உண்டுங்க.
செல்போன்காரர் ஏலம் எடுத்தது ஒரு பக்கம்,
ரயிலும் ராணுவமும் ஒரு பக்கம்.
கிளுவை வேலி போட்ட கொறங்காடு மாதிரி.
சிலதில் ஆடே மேய்வதில்லை,
படல் மட்டும் சாத்தியிருக்கும்.
நடுவில் ஒரே ஒரு இட்டேரி.
லைசென்ஸ் கேட்க ஆள் இல்லை,
யாரும் போகலாம், வரலாம்.
மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.
உங்கள் தொட்டி சொல்வது
உங்கள் மோட்டாருக்குக் கேட்டால் போதும்,
தாராபுரத்துக்குக் கேட்கக் கூடாது.
பேசுமுன் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.
எதிரே வண்டி வந்தால்
ஒதுங்கி நின்று, அது போனபின் போக வேண்டும்.

“நல்ல ஏற்பாடுதானுங்களே?”

ஏற்பாடு நல்லதுதானுங்க.
தடந்தான் பத்தலை.

இவ்வளவும் பேசிவிட்டுப்
பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
ரெண்டு பெட்டிக்கும் ஒரே எண்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
நானும் ஜெயசுதாவும் நாற்பது பெட்டிகளுக்கு
அவசரமாக எண் ஏற்றி மூடிய ராத்திரி
ஞாபகம் வந்தது.
குற்றம் காற்றினுடையது இல்லை, என்னுடையது.
தலையைக் குனிந்துகொண்டே எண்ணை மாற்றினேன்.
பேய் அன்றைக்கே ஊரை விட்டுப் போனது.

ஆனாலும் சென்னியப்பன்
இப்போதும் மூன்று தடவை அமுக்குகிறார்.
முதல் இரண்டும் வழி நெரிசலில்
எங்கேயோ நசுங்கிப் போகின்றன.
அதைச் சரிசெய்யும் ஸ்க்ரூடிரைவர்
என் பையில் இல்லை.
டில்லிக்கு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன்:
இன்னும் ஏழு மெகாஹெர்ட்ஸ், அதே சட்டத்தோடு,
அதே சன்னக் குரலுக்கு.
“காரணம்” என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது தெய்வாத்தாள் கேட்டார்:
“அந்த இட்டேரி இன்னும் எத்தனை அகலம் வேணும்?”
ஏழு மெகாஹெர்ட்ஸ், என்றேன்.
“அடிக்கணக்குல சொல்லு சாமி.
பால்வண்டி திரும்பட்டும்னு
இதே வேலியை நான் நாலடி உள்ள தள்ளிப் போட்டவ.
கேக்கறது எத்தனைன்னு தெரிஞ்சாத்தானே
குடுக்கறவனுக்கு மனசு வரும்?”

ஒரு அலையின் நீளம்
ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, அது தெரியும்.
ஏழு மெகாஹெர்ட்ஸ் எத்தனை அடி?
அவர் முன்னால் கையை விரித்தேன்,
அளவு காட்டத்தான்.